இங்கிலாந்துப் பள்ளியில் பிரெஞ்சு டீச்சராக: ஒரு வருடப் பயிற்சி அனுபவம்

புதுச்சேரியில் பிரெஞ்சு எம்.ஏ. முடித்து, வீட்டுக்காரரின் வேலை காரணமாக இங்கிலாந்து வந்தவள் நான். 2024 செப்டம்பரில் இங்கே பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். 2025 கோடையில் முடித்து, இப்போது ஒரு செகண்டரி பள்ளியில் பிரெஞ்சு எடுக்கிறேன். என்னைப் போலவே வந்திருக்கும் சிலர் இதற்கு என்ன வழி என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். காகித வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், வகுப்பறைதான் பெரிய கதை.

நம் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று யு.கே. எனிக் அமைப்பிடம் சான்று வாங்க வேண்டும். ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு) கிரேடு 4-க்கு இணையான தகுதி வேண்டும். சில இடங்களில் நம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை ஏற்பார்கள், சில இடங்களில் தனியாக ஒரு தேர்வு எழுதச் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள், அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். அரசின் விண்ணப்பத் தளத்தில் ஒரே நேரத்தில் நான்கு இடங்களுக்குப் போடலாம். மொழி ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்பதால் உதவித்தொகை உண்டு. நான் சேர்ந்த ஆண்டில் பிரெஞ்சுக்கு 25,000 பவுண்டு. ஆனால் விசா நிலையைப் பொறுத்துக் கல்விக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும். அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு சேருங்கள்.

நேர்காணலில் கொஞ்ச நேரம் பிரெஞ்சில் பேச வைத்தார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது, எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தாக்களைப் பற்றிச் சொன்னேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் கிழவர்கள் ஊரில் இருப்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. என் உச்சரிப்பில் பாரிஸ் வாடை இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ‘பதினோரு வயதுப் பிள்ளை பிரெஞ்சு எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ என்ற கேள்வியில்தான் அதிக நேரம் நின்றார்கள்.

பயிற்சியில் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு வெவ்வேறு பள்ளிகளில். பல்கலைக்கழக வகுப்பு, கட்டுரைகள் எல்லாம் இதற்கு நடுவே. பள்ளியில் ஒவ்வொருவருக்கும் மென்டர் என்று ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பார். அவர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார். என் பாடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எழுதிக்கொண்டே இருப்பார்.

நான் படித்த விதத்தில் இலக்கணம்தான் முதலில். வினைச்சொல் அட்டவணையைக் கரும்பலகையில் போட்டு, மனப்பாடம் செய்து ஒப்பித்தால் சரி. இங்கே இயர் 8 வகுப்பில் (பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்) அப்படி ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஜன்னலோரம் பென்சில் பறக்கும். மென்டர் எனக்குச் சொல்லித் தந்தது வேறு முறை. ஒரு பாடத்துக்கு நான்கைந்து வாக்கியத் துண்டுகள் போதும். அதையே கேட்க வை, படிக்க வை, மாற்றிச் சொல்ல வை, கடைசியில் எழுத வை. பிள்ளைகள் கையில் சின்ன வெள்ளைப் பலகைகள் இருக்கும். நான் ‘மோன்த்ரே முவா’ (எனக்குக் காட்டுங்கள்) என்றதும் முப்பது பலகையும் மேலே வர வேண்டும். யாருக்குப் புரிந்தது, யார் பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதினார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எம்.ஏ.வில் படித்த கவிதை எதுவும் உதவிக்கு வரவில்லை. எந்தத் துண்டை எப்போது கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்பதுதான் வருடம் முழுக்கப் படித்த பாடம்.

அதட்டலும் இங்கே செல்லாது. முதல் எச்சரிக்கை, இரண்டாவது, அதற்கப்புறம் டிடென்ஷன் (தண்டனையாகக் கூடுதல் நேரம் பள்ளியில் உட்கார வைப்பது) என்று பள்ளிக்கு ஒரு படிவரிசை உண்டு. குரல் உயராமல் அதை அப்படியே பின்பற்ற வேண்டும். கோபம் வந்தாலும் முகத்தில் காட்டாமல் இருப்பது நமக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். பிள்ளைகள் கூப்பிடுவது மட்டும் ஊரில் மாதிரியே ‘மிஸ்’.

நான் சேர்ந்த நேரத்தில்தான் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டம் மாறியது. முதல் தேர்வு 2026-இல். கீழ்நிலைத் தாளுக்கு 1,200 சொற்கள், மேல்நிலைத் தாளுக்கு 1,700 என்று பட்டியலே கொடுத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவை இரண்டு: சத்தமாக வாசித்தல், சொல்வதெழுதுதல். பல வருடம் பாடம் நடத்திய டீச்சர்களே டிக்டேஷன் என்றதும் பதறினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. டிக்டேஷன் எழுதி, தப்புக்குப் பத்து முறை இம்போசிஷன் எழுதி வளர்ந்தவர்கள்தானே நாம்!

ஆனால் இங்கே அதைச் சொல்லித் தருகிற முறை நான் பார்த்த முறை இல்லை. தேர்வில் பட்டியலில் இல்லாத சொல்லும் வரும் என்பதால் மனப்பாடம் கைகொடுக்காது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைத் துண்டுதுண்டாகப் பழக்க வேண்டும். பிரெஞ்சில் கடைசி மெய் பெரும்பாலும் வாயில் வராது. சிறியவன் ‘பெத்தி’, சிறியவள் ‘பெத்தித்’. பெண்பாலில் கடைசியில் ஓர் எழுத்து கூடுவதால், அதுவரை ஊமையாக இருந்த ‘த்’ ஒலிக்கத் தொடங்கும். இதை மட்டுமே இருபது நிமிடம் விளையாட்டாக நடத்தினேன். இயர் 9-இல் கடைசி செட், அதாவது திறமைப்படி பிரித்த குழுக்களில் கடைசி, எழுதவே மறுக்கிற பிள்ளைகள். அவர்களும் பலகையில் போட்டிபோட்டு எழுதினார்கள். பார்க்க வந்திருந்த பல்கலைக்கழக ட்யூட்டர் அந்தப் பாடத்தைத்தான் கடைசிவரை உதாரணம் காட்டினார்.

அப்புறம் ஆப்ஷன்ஸ் ஈவினிங், ஜி.சி.எஸ்.இ.க்குப் பாடம் தேர்ந்தெடுப்பதற்கான மாலைக் கூட்டம். 2004 முதல் இங்கே பதினான்கு வயதுக்கு மேல் வெளிநாட்டு மொழி கட்டாயமில்லை. அதனால் இயர் 9 பிள்ளைகளின் பெற்றோர் வரும் அன்று, மொழித்துறைக்காரர்கள் மேசை போட்டு ஆள் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன்னில் மார்க் அள்ளலாம் என்று பிரெஞ்சுக்கு ஓடுகிற கூட்டத்தைப் பார்த்தவளுக்கு இது தலைகீழ். இங்கே மார்க் வராது என்று பயந்து மொழியையே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் வீணும் அல்ல. பிரெஞ்சு, ஜெர்மன் தேர்வுகளுக்கு மதிப்பீடு ஸ்பானிஷைவிடக் கடுமையாக இருப்பதால் அதை ஸ்பானிஷோடு ஒத்துவரும்படி சரிசெய்ய வேண்டும் என்று கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவாலே 2019-இல் சொன்னது.

அன்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். “பிரெஞ்சு படிச்சுப் பிள்ளைக்கு என்ன பிரயோசனம் டீச்சர்? கம்ப்யூட்டர் எடுத்தாலும் வேலை இருக்கு” என்றார். துறைத்தலைவர் தந்திருந்த துண்டுப்பிரசுரத்தில் இருந்ததைச் சொன்னேன், அசையவில்லை. பிரான்சில் சொந்தக்காரர் யாரும் உண்டா என்று கேட்டேன். “தம்பி குடும்பம் பாரிசில. பிள்ளையள் இங்கிலிஷ் கதைக்காதுகள், இவனுக்குத் தமிழ் வடிவா வராது” என்றார். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் போனால் சித்தப்பா பிள்ளைகளோடு போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன் என்று பையனே சொன்னான். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவன் பிரெஞ்சு எடுத்தான். தமிழைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அது என் மேசை இல்லை.

வருடக் கடைசியில் எட்டு டீச்சர்ஸ் ஸ்டாண்டர்ட்ஸுக்கும், அதாவது ஆசிரியருக்கு இருக்க வேண்டிய தகுதி அளவுகோல்களுக்கு, ஆதாரம் காட்ட வேண்டும். பாடத் திட்டங்கள், திருத்திய நோட்டுகள், மென்டரின் குறிப்புகள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலிருந்தே கோப்பில் போட்டுவைத்தால் ஜூனில் தூக்கம் கெடாது. எல்லாம் சரியாக இருந்தால் க்யூ.டி.எஸ்., அதாவது ஆசிரியர் தகுதி, கிடைக்கும்.

வேலைத் தேடல் இதற்கு முன்பே தொடங்கிவிடும். நேர்காணல் அன்று அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கே ஒரு பாடம் நடத்த வேண்டும், மதியம் கேள்விகள், சாயங்காலமே போன் வந்துவிடும். போனிலேயே ஒப்புக்கொள்வதுதான் வழக்கம். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்பது எடுபடாது, அதனால் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் புது ஆசிரியர்களுக்கான தொடக்கக் காலம். முதல் வருடம் பாடவேளையில் 10 விழுக்காடு, இரண்டாவது வருடம் 5 விழுக்காடு குறைப்பார்கள். போனில் வேலை உறுதியான கையோடு கேட்ட அடுத்த கேள்வி: ‘இயர் 7-க்கு ஸ்பானிஷும் எடுப்பீர்களா?’ இரண்டு மொழி தெரிந்தவர்களைத்தான் பள்ளிகள் விரும்புகின்றன. ஏ லெவலில் (பதினெட்டு வயதில் எழுதும் தேர்வு) 2019-இலேயே பிரெஞ்சை முந்திய ஸ்பானிஷ், 2025-இல் ஜி.சி.எஸ்.இ.யிலும் முந்திவிட்டது. நான் சரி என்றேன். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இப்போதே கொஞ்சம் ஸ்பானிஷ் தொடங்கிவிடுங்கள், என் கோடை விடுமுறை முழுக்க அதிலேயே போயிற்று.