நாற்பது செண்ட் செத்தை

2025 மார்ச் 2, ஞாயிறு

நேற்று ராத்திரி பல்லவன் ரயிலில் வந்து இறங்கி, காரைக்குடியில் ஆட்டோ பிடித்து வீடு சேரும்போது மணி பதினொன்றாகிவிட்டது. காலையில் காபி குடித்த கையோடு தோட்டத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே இழுத்ததுதான் தாமதம், கதவில் சாய்ந்துகொண்டிருந்த காய்ந்த புல் ஒரு கட்டு அப்படியே நடைக்குள் சரிந்தது. கூடவே ஒரு பாம்புச் சட்டை. கண் இருந்த இடம்கூடச் சிதையாமல், முழுசாக. கதவைச் சாத்திவிட்டு இன்னொரு காபி போட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிறகு பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் வந்தவர்கள் முகப்பையும் உள் முற்றத்து வளவையும் கூட்டிப் பெருக்கி, படம் எடுத்துக்கொண்டு போனோம். தோட்டத்துப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்குச் சொந்தம் என்றால் ஒருத்தருக்கும் சொந்தமில்லை என்றுதான் அர்த்தம்.

மாடியில் ஏறிப் பார்த்தேன். நாற்பது செண்டும் வெளிறிய மஞ்சள். கிணறு தெரியவில்லை, ராட்டினத் தூண் இரண்டு மட்டும் புல்லுக்கு மேல் நிற்கிறது. புளி, இரண்டு தென்னை, ஒரு நார்த்தை, மூலையில் நான்கைந்து சீமைக்கருவேல். ஒவ்வொரு கார்த்திகையிலும் முளைத்து, மாசியில் காய்ந்து, படுத்து, அடுத்த வருஷத்துப் புல் அதைத் துளைத்துக்கொண்டு வந்து, அதுவும் படுத்து, இப்படி ஆறு வருஷத்துப் புல். கம்பை விட்டால் ஒன்றரைச் சாண் பொதபொதவென்று போகிறது.

ஆனியில் முன்னோர்களுக்குப் பங்காளிகள் சேர்ந்து படைக்கிற படைப்பு இங்கேதான். சமையல் கொட்டகைக்கு வேறு இடம் கிடையாது. இன்னொரு தலைவலியும் உண்டு. போன கார்த்திகை மழையில் இரண்டாம் கட்டு முற்றத்தில் கணுக்கால் தண்ணீர் இரண்டு நாள் வடியாமல் நின்றது. தரை இறங்கிவிட்டது, ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து மட்டம் ஏற்ற வேண்டும் என்று ஒரு கொத்தனார் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தத் தொகையைப் பார்த்ததிலிருந்து வாட்ஸ்அப் குழுவே அமைதியாகிவிட்டது.

'தோட்டம் ரெண்டு நாள் வேலை, நான் பாத்துக்கிறேன்' என்று குழுவில் எழுதியவனும் நானேதான்.

மார்ச் 4, செவ்வாய்

புல் வெட்டும் மெஷினும் ஆளும் நாள் வாடகைக்கு வந்தார்கள். தலையில் நைலான் நரம்பு. பச்சைப் புல்லை அது சீவித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நரம்பைச் சுற்றிக் காய்ந்த புல் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. எஞ்சினை நிறுத்துவது, கத்தியால் அறுத்து எடுப்பது, மறுபடி இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது. நரம்பைக் கழற்றிவிட்டு மூன்று இலைத் தகடு போட்டார். நன்றாகத்தான் போனது, உள்ளே மறைந்திருந்த ஏதோ கல்லில் மோதி தீப்பொறி பறக்கும் வரை. தகட்டில் ஒரு முனை போய்விட்டது. அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

"இது பச்சைப் புல்லுக்கான மிஷினுங்கய்யா. நீங்க வச்சிருக்கது புல்லு இல்ல, பாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் குழுவில் ஆலோசனை மழை. களைக்கொல்லி அடி என்றார் கோயம்புத்தூர்த் தம்பி. அது பச்சை இலை வழியாக உள்ளே இறங்கி வேரைக் கொல்லுகிற மருந்து, செத்த புல்லுக்கு அடித்து என்ன செய்ய? பத்தடியில் கிணறு வேறு. மலேசியாவில் இருக்கிற ஈப்போ அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: 'ஒரு தீக்குச்சி போதும்.'

மார்ச் 6, வியாழன்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

தீக்குச்சி வைத்தேன். முழுத் தோட்டத்துக்கும் இல்லை, அவ்வளவு முட்டாள் இல்லை. மெஷின் வெட்டிப் போட்ட இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு குவியல். சுற்றிலும் நாலடிக்குப் புல்லை ஒதுக்கிவிட்டேன், அதாவது ஒதுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில். காற்று துளி இல்லை. ஒன்பது மணிக்கு வைத்தேன், கால் மணியில் சாம்பல். பரவாயில்லையே என்று உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன்.

பதினைந்து அடி தள்ளி, நார்த்தை மரத்தடியில், ஒரு நூல் புகை. தீ எதுவும் இல்லை, புகை மட்டும். போய்க் கம்பால் கிளறியதும் குப்பென்று பற்றிக்கொண்டது. நான் ஒதுக்கியதெல்லாம் மேல் புல். அடியில் அமுங்கிக் கிடந்த பழைய அடுக்கு, பீடி நுனி மாதிரி கங்காக, கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து வந்திருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றிய இடத்திலும் மேல்தான் நனைந்தது. படுத்த புல் ஓலைக்கூரை மாதிரி தண்ணீரை வழியவிட்டுவிடுகிறது.

அடுத்த வீட்டுக்காரர் மதில் ஏறிக் குதித்து வந்தார். அவர் மாட்டுக்கொட்டகை அந்தப் பக்கம், கீற்றுக் கூரை. இரண்டு பேரும் மண்வெட்டியால் புல்லைத் தரை வரைக்கும் வெட்டி ஒரு வாய்க்கால் மாதிரி எடுத்தபிறகுதான் அது நின்றது. நார்த்தை பாதி கருகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

ராத்திரி மூன்று தடவை எழுந்து போய்ப் புகை வருகிறதா என்று பார்த்தேன். குழுவில் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அடுத்த வீட்டுக்காரர் ஏற்பாட்டில் ஒரு அக்கா பன்னரிவாளோடு வந்தார், கூட அவர் மருமகள். நாள் கூலி ஆளுக்கு 500, டீ, வடை. காலை ஆறு மணிக்கு வருவோம், பத்து மணிக்குப் போய்விடுவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெயிலுக்குப் பயந்து என்று நினைத்தேன். அதற்கில்லையாம். விடியற்காலைப் பனியில் புல் துவண்டு கிடக்கும், பிடித்தால் பிடியில் நிற்கும். வெயில் ஏறிவிட்டால் நொறுங்கித் தூசி கிளம்பும், பிறகு ராத்திரி முழுக்க இருமல்.

"பாம்பு இருக்குமேக்கா" என்றேன்.

"இருக்குங்கய்யா. நாம வர்றத அதுக்கு முன்கூட்டிச் சொல்லிட்டுப் போவணும்." சொன்னவர் தடிக்கம்பால் தரையில் நாலு அடி அடித்துவிட்டு, கொஞ்சம் நின்று, பிறகுதான் ஒரு எட்டு வைத்தார்.

சாரை, நல்ல பாம்பு எல்லாம் அதிர்வு கேட்டால் விலகிவிடும். கண்ணாடி விரியன் நகராது. செத்தை நிறத்திலேயே கிடந்து குக்கர் மாதிரி சீறும், அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே பின்னால் வரவேண்டும். கட்டுவிரியன் பகலில் மடங்கிக் கிடக்கும், ராத்திரிதான் உலாத்தும், கடித்தாலும் பெரிதாக வலிக்காது என்பதுதான் அதன் ஆபத்து. கடி பட்டால் கட்டுப் போடாமல், கீறாமல் நேரே பெரியாஸ்பத்திரி. நல்ல பாம்புக்கும் இந்த இரண்டு விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். காரைக்குடிக்குப் போய் மூன்று ஜோடி கம்பூட்ஸ் வாங்கி வந்தேன். அக்கா போட மறுத்துவிட்டார். மருமகள் போட்டுக்கொண்டது.

நின்ற புல்லை முதலில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் அறுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, அடியோடு அறுக்கலாமே என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

பதில் இன்றைக்குக் கிடைத்தது. முழங்கால் உயரத்துக் கட்டை எதற்கு என்றால், பிடிமானத்துக்கு. மதிலோரத்தில் மண்வெட்டியால் நேர்கோடாக ஒரு வெட்டு. அந்த விளிம்பில் இரண்டு பேர் நின்று ஆளுக்கு ஒரு கத்தை பிடித்து மேலே தூக்க, மூன்றாவது ஆள் (நான்தான்) அடியில் மண்வெட்டியை விட்டு ஒட்டிக்கொண்டிருந்த வேரை அறுக்க, ஆறு வருஷத்துச் செத்தை பாயாகவே பெயர்ந்து வந்தது. கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் சுருட்டுகிற மாதிரி சுருட்டி உருட்டினோம். ஒரு சுருள் கட்டில் அளவு. காலைக்குள் ஏழு சுருள்.

அடியில் இருந்த மண்ணைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். நம் ஊர் செம்மண் சரளை மாசி பிறந்தால் கடப்பாரைக்கே பதில் சொல்லாது. இங்கே கையால் கிள்ள வருகிறது. கருஞ்சிவப்பு, சில்லென்று ஈரம், மழை வாசம். பங்குனி ஐந்தாம் தேதி! மரவட்டை, பிள்ளைப்பூச்சி, ஒரு கருந்தேள் குட்டிகளைச் சுமந்துகொண்டு. இரண்டடி தள்ளி நடைபாதை மண் செங்கல்லாக இருக்கிறது.

"இத எரிக்கப் பாத்தீங்களேய்யா" என்றார் அக்கா. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மருமகள்தான் கண்டுபிடித்தது. எட்டாவது சுருளைத் தூக்கும்போது அதன் பூட்ஸ் எதிலோ இடறி 'ணங்' என்றது. உரலாக இருக்கும் என்று நினைத்துத் தோண்டினால், வரிசையாகப் பலகைக் கல். இரண்டு கல்லுக்கு நடுவில் புல்வேர், தேங்காய் நார் மாதிரி அடைத்து.

சலதாரை. முற்றத்துத் தண்ணீர் தோட்டத்துக்கு வந்து, மதிலோரமாகவே ஓடி, தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகிற வழி. அப்பத்தா மழை நாளில் இதன் வாயில் துணியைச் சுற்றி அடைத்து அண்டாவில் தண்ணீர் பிடிப்பது இப்போதுதான் நினைவு வருகிறது. முற்றத்துக்குள் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாமல் போனது எப்படி? கொத்தனார் தரையைப் பார்த்தார், நாங்கள் கொத்தனாரின் கணக்கைப் பார்த்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

பத்து நாளாக சலதாரைதான். அறுபது அடி. கல்லை ஒவ்வொன்றாக நெம்பி, வண்டலை அள்ளி, கல்லைத் திருப்பி வைப்பது. உள்ளே கிடைத்தவை: நான்கு கோலிக்குண்டு, சோழி பதினொன்று, இனாமல் தூக்குச்சட்டியின் நீல மூடி ஒன்று, எங்கள் வீட்டுச் சாவி அல்லாத சாவி ஒன்று. வண்டல் முழுக்கத் தென்னைக்குப் போனது.

மேற்குக் கோடியில் சீமைக்கருவேலின் வேர் உள்ளே புகுந்து இரண்டு கல்லைத் தூக்கியிருந்தது. மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு தோண்ட வேண்டும், இல்லாவிட்டால் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். தோண்டினோம். இடுப்பு வலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதப் போவதில்லை.

சுருட்டிய செத்தையை என்ன செய்வது என்று குழுவில் ஓட்டெடுப்பு. நான் முடிவைக் கேட்காமலே மரங்களைச் சுற்றி நாலு விரல்கடைக்கு மூடாக்காகப் பரப்பிவிட்டேன், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. மிச்சம் குழியில்: ஒரு அடுக்கு செத்தை, மேலே பக்கத்து வீட்டுச் சாணிக் கரைசல், மறுபடி செத்தை. வெறும் செத்தையை மண்ணோடு கலந்தால் மக்குவதற்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே உறிஞ்சிவிடும், சாணி சேர்ந்தால் அந்தத் தொல்லை குறைவு. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடிக்குள் ஒரு துரும்பு போடவில்லை. பர்மாத் தேக்கைக் கரையான் தொடாது என்பார் அப்பச்சி. மூங்கில் தட்டியைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கிணற்றுக்கு வடக்கே கடைசித் துண்டு, மூன்று செண்ட் இருக்கும். அக்கா கம்பைத் தட்டியதும் காலடியிலிருந்து விர்ரென்று ஒரு கவுதாரி எழுந்தது. எழுந்த இடத்தில், புல்லை வளைத்து அமுக்கிய ஒரு குழியில் ஏழு முட்டை. பழைய தந்தப் பொத்தான் நிறம்.

"வறுத்தா..." என்று ஆரம்பித்த அடுத்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கிணற்றைச் சுற்றி விட்டுவிட்டோம். அந்தத் துண்டை மட்டும் அறுக்கவில்லை.

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். வேலை இல்லை, உட்காருவதே வேலை. கொட்டகைக்கு வேண்டிய எட்டு செண்ட் மட்டும் கொத்திச் சமப்படுத்தியாயிற்று. மற்ற இடத்தைக் கொத்த அக்கா விடவில்லை. கோரைக் கிழங்கு சங்கிலிச் சங்கிலியாக உள்ளே கிடக்கிறது, கொத்தினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. செத்தையை மேலே போட்டு இருட்டிலேயே வை என்கிறார். கொத்திய எட்டு செண்டில் இப்போதே பச்சை ஊசி ஊசியாக எட்டிப் பார்க்கிறது, தண்ணீர் தெளித்ததற்கே.

கவுதாரிக் கூட்டில் காலையில் ஓடு மட்டும்தான் இருந்தது. குஞ்சுகளைக் காணோம். கீரி தின்றிருந்தால் ஓடு இவ்வளவு சுத்தமாக இரண்டாகப் பிளந்திருக்காது என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். நம்பிக்கொள்கிறேன்.

நார்த்தையின் கருகாத பக்கத்தில் ஐந்து துளிர்.

மே 18, ஞாயிறு

நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு மேற்கே கறுத்து, ஆறு மணிக்குக் கொட்ட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம், இடியோடு. கரண்ட் போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் கொட்டி, கல் தொட்டி நிரம்பி, தரையில் விரல்கடை ஏறியது. அங்கேயே நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு மூலையில் 'களக்' என்று ஒரு சத்தம், சுழி ஒன்று விழுந்தது, ஒரு புளியம் பழ ஓடு சுற்றிச் சுற்றி வந்து உள்ளே போனது.

குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். சலதாரை வாயில் செம்மண் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து. மதில் ஓட்டை வழியாகத் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. புளிய ஓடு வெளியே வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தது.

வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். ஈப்போ அண்ணன் உடனே கேட்டார்: 'அது சரி, கிணத்துப் பக்கம் ஏன் இன்னும் புல்லு நிக்கிது?'