"எடுத்தாச்சு எண்டுதானே சொன்னவை"

வன்னியில் கால் வீங்கி ஒருவர் கிளினிக்குக்கு வந்தால் முதலில் சிறுநீரகத்தைத்தான் சந்தேகிப்போம். பிறகு இதயம், ஈரல், நாளத்தில் இரத்தக்கட்டி. உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருநாளத்தின் சுவரிலேயே புற்று முளைக்கலாம் என்பது யாருக்கும் கடைசியில்தான் தோன்றும். லியோமயோசார்கோமா என்ற இதை 1871இல் பேர்ல் என்பவர் முதலில் பதிவு செய்தார். அதுவும் பிணப்பரிசோதனையில். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

கட்டி மெல்ல வளர்வதுதான் ஏமாற்றுவது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரம்போரம் வேறு வழி பிடிக்குமே, அப்படிச் சிறு நாளங்கள் விரிந்து இரத்தத்தைக் கடத்திவிடும். அவை நன்றாக விரிந்திருந்தால் சிலருக்குப் பெருநாளத்தின் அந்தத் துண்டை வெட்டிக் கட்டிவிட்டாலே போதும். மற்றவர்களுக்குச் செயற்கைக் குழாய் வைப்பார்கள். கட்டி ஈரல் நாளங்கள் வரை ஏறிவிட்டால் கதை வேறு.

விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து எங்களிடம் வருகிறார். கிளினிக் கொப்பியும் ஸ்கான் படங்களும் உரப்பைக்குள் சுற்றியிருக்கும். ஒருநாள் கேட்டார்: "எல்லாம் எடுத்தாச்சு எண்டுதானே தம்பி சொன்னவை. பிறகேன் மூண்டு மாதத்துக்கு ஒருக்கா அந்த வளையத்துக்குள்ள போடுறியள்?"

நியாயமான கேள்வி. பரந்தன் வந்து, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ். ஒரு நாள் கூலியும் போய்விடும். வெட்டிய ஓரத்தில் புற்று மிஞ்சாமல் சுத்தமாக எடுக்கப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது திரும்புகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. மறைத்தால், திரும்பி வரும்போது வெட்டினவரைத்தான் குறை சொல்வார்கள். நாளத்துக்குள் உதிரும் புற்றுக் கலங்கள் இதயம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போகும். அதனால்தான் நெஞ்சையும் ஸ்கான் பண்ணுகிறோம். அங்கே ஒன்றிரண்டு முடிச்சு மட்டுமென்றால் மறுபடி வெட்டலாம். பரவிவிட்டால் டொக்சோரூபிசின் போன்ற மருந்து. அது சிலருக்குக் கட்டியைச் சுருக்கும், அடியோடு எடுப்பது அபூர்வம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் திகதியில காலபோக அரிவு வெட்டு" என்றார். இரண்டு கிழமை தள்ளிப் போட்டுக் கொடுத்தேன். கறாராக நின்று ஏசி அனுப்பினால் அடுத்த தடவை ஆளே வராது. இதை மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்னும் எத்தனை வருசம் என்று கேட்டதற்கு, ஐந்து வருசம் கட்டாயம், போகப்போக இடைவெளி கூடும், அதன் பிறகும் வருசத்துக்கு ஒருமுறை என்றேன்.

"அப்ப அடுத்ததைச் சிறுபோகம் விதைக்க முந்திப் போடுங்கோ" என்றார்.