கீமோவுக்கு நடுவில் ஒய்-90: அப்பாவோடு அலைந்த அனுபவம்

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலிலும் கட்டிகள். முதல் கீமோ கேட்காமல் போனதும், அடுத்த கீமோவோடு ஒய்-90 (யிட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள்) கதிர்வீச்சையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். என்ன பலன் என்று நேராகவே கேட்டேன். அவரும் மழுப்பவில்லை. 2021-இல் வெளியான எபோக் ஆய்வில், இரண்டாம் கட்டக் கீமோவோடு இதைச் சேர்த்தவர்களுக்கு நோய் மறுபடி வளரக் கூடுதல் காலம் பிடித்தது. ஆயுள் நீண்டதாக உறுதியாகவில்லை. அது தெரிந்துதான் சம்மதித்தோம்.

கீமோ ஒரு துறை, கல்லீரல் தமனி வழியாக யிட்ரியம் நுண்மணிகளைச் செலுத்துவது வேறு துறை. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். சிகிச்சைக்கு முன் ரத்தக் குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கும் முன்னோட்ட ஆஞ்சியோவுக்காக அப்பா வெறும் வயிற்றோடு, பச்சை அங்கி மாட்டி, கையில் ஊசியும் குத்தியாகிவிட்டது. அப்போதுதான் ஒருவர் கேட்டார்: "பெவாசிசுமாப் கடைசியா எப்போ போட்டீங்க?"

"போன வாரம் சார்."

ஃபைலை மூடிவிட்டார். கீமோவோடு போடும் அந்த மருந்து ரத்தக் குழாய்ச் சுவரைப் பலவீனமாக்கும், குழாய் விடும்போது கிழியலாம். அதனால் பொதுவாக 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுவார்களாம். கீமோ வார்டில் யாரும் சொல்லவில்லை, தேதி கொடுத்த இடத்திலும் யாரும் கேட்கவில்லை. ஊசியைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எந்த மருந்து, எந்தத் தேதி, என்ன அளவு என்று ஒரே தாளில் எழுதி, இரண்டு டாக்டரிடமும் நீங்களே காட்டுங்கள். வீட்டில் விழுங்கும் கீமோ மாத்திரையையும் அதில் சேருங்கள்.

அடுத்தது சிடி, அதாவது ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் தட்டு. "ஃபிலிம் வேண்டாம், சிடி இல்லாம உள்ள அனுப்ப முடியாது" என்றார் கவுன்ட்டரில். ஸ்கேன் சென்டர் கொடுத்த சிடியைப் போட்டால் ரிப்போர்ட் மட்டும் இருக்கிறது, படங்களைக் காணோம். இன்னொரு நாள் வீண். வாங்கும் இடத்திலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

முன்னோட்டத்தில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய துகள்களைச் செலுத்தி, நுரையீரலுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் ரெசின் வகை யிட்ரியம் மணிகளைப் பொதுவாகச் செலுத்தமாட்டார்கள். அப்பாவுக்கு ஒற்றை இலக்கம். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

யிட்ரியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 64 மணி நேரம்தான். உங்கள் பெயருக்கு வரவழைத்த மருந்தை எடுத்து வைக்க முடியாது. கல்லீரல் எப்படி இயங்குகிறது என்று காட்டும் பிலிருபின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தாமதமாகிறது என்று தெரிந்ததும் லேபிலேயே உட்கார்ந்து கையோடு வாங்கி வந்தேன். அதில் கூச்சமே வேண்டாம்.

சிகிச்சை நாள் சிரமமில்லாமல் முடிந்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் அசதி. டிஸ்சார்ஜ் தாளில் கீமோ எப்போது தொடங்குவது என்ற வரியே இல்லை. "அங்கே கேளுங்க" என்று இரண்டு பக்கமும் கைகாட்டினார்கள். எழுதித் தரும்வரை நகரமாட்டேன் என்று நின்று வாங்கினேன்.

சிகிச்சைக்குப் பிறகான முதல் ஸ்கேனை வெளி சென்டரில் எடுத்தோம். கட்டி பெரிதாகியிருப்பதாக ரிப்போர்ட். அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, கதிர்வீச்சு பட்ட இடம் தொடக்கத்தில் வீங்கித் தெரியலாம், ரத்தத்தில் அளக்கும் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீடு நன்றாகக் குறைந்திருக்கிறது, கீமோவைத் தொடரலாம் என்றார். ஸ்கேன் சீட்டிலேயே "ஒய்-90 செய்தது" என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.