ஒரே ஒரு எழுத்து

ரிச்சி தெருவில் ஒரு கடை. பேரன் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டோடு ஒரு பெரியவர் நிற்கிறார். கடைப்பையன் இரண்டு கேம் கன்சோல் பெட்டிகளை எடுத்து வைத்தான். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், விலையில் பல ஆயிரம்.

"தம்பி, இது புதுசா, இல்ல பழசுக்கு உதிரி சாமானா?"

பையன் சிரித்தான். எனக்கு நிண்டெண்டோ என்ற ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனி ஞாபகம் வந்தது.

அவர்களுடைய 'வீ' (Wii) என்ற கன்சோல் 10 கோடி பெட்டிகளுக்கு மேல் விற்றது. 2012-இல் வந்த அடுத்த கன்சோலுக்கு 'வீ யூ' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் அறிமுகம் செய்தபோதே திரை வைத்த கன்ட்ரோலரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அதனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற 'வீ'-க்கு இது ஏதோ துணைக்கருவி போல என்று நிறைய பேர் நினைத்துவிட்டார்கள்.

விற்றது சுமார் 1.36 கோடிதான். (கேம்கள் குறைவாக வந்ததும் ஒரு காரணம், பெயரை மட்டும் திட்டினால் பாவம்.)

2017-இல் அவர்களுடைய அடுத்த கன்சோல், 'ஸ்விட்ச்'. பெயரே வேறு. டிவியிலும் ஆடலாம், கையில் எடுத்துக்கொண்டும் போகலாம், விளம்பரத்தைப் பார்த்த உடனே புரிந்தது.

சரி, பெரியவர் கதைக்கு வருவோம். பேரனுக்கு வீடியோ கால் போட்டு இரண்டு பெட்டியையும் தூக்கிக் காட்டினார்.

"தாத்தா, ரெண்டும் இல்ல!"