பழைய மெக்னீசியம் வீலுக்கு எந்த நட்டு?

சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்துக் கார்களுக்கு வாங்கிய பழைய மெக்னீசியம் வீல்கள் இன்னும் அங்கங்கே கைமாறுகின்றன. வாங்கியதும் அது மெக்னீசியம்தானா என்று பார்த்துவிடுங்கள். வீலின் பின்பக்கம் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டால், மெக்னீசியம் உடனே நுரைக்கும். அலுமினியம் அப்படிப் பொங்காது. பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, அந்த இடத்தை எபாக்சி பிரைமரால் மூடிவிட வேண்டும்.

நட்டு என்றதும் எல்லோரும் கேட்பது மரை அளவு. பழைய மினி காருக்கு ஸ்டட் (வீலின் ஓட்டை வழியே வரும் மரை போட்ட கம்பி) 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. அமெரிக்கக் கார்களில் 1/2 இன்ச்சுக்கு 20 மரை அதிகம். ஜப்பானிய வழி வண்டிகளில் 12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.25 அல்லது 1.5 மி.மீ. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 1/2 இன்ச் நட்டு, 12 மி.மீ. - 1.25 ஸ்டட்டில் சுலபமாக ஏறிவிடும். 20 மரை என்றால் இடைவெளி 1.27 மி.மீ.; கைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நட்டின் உள்விட்டம் பெரிசு, மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். முறுக்கும்போதோ ஓடும்போதோ மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிடும். ஏற்றிய நட்டை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் அது உங்கள் நட்டு இல்லை.

மரையைவிட முக்கியம் நட்டு உட்காரும் இடம். வீலின் ஓட்டை 60 டிகிரி கூம்பாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், தட்டையாக இருக்கலாம். பந்தய மெக்னீசியம் வீல்கள் பலவற்றில் தட்டை: நீளமான கழுத்துள்ள நட்டும், கீழே அகலமான வாஷரும். மெக்னீசியம் மெத்து உலோகம். கூம்பு நட்டைத் தட்டை ஓட்டையில் போட்டால் விளிம்பில் கோடு மாதிரி மட்டும் அழுத்தும். அந்த இடம் நசுங்கி, பிடி தளர்ந்து, விரிசல் அங்கேதான் தொடங்கும். சந்தேகமாக இருந்தால் நட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் பூசி, காய்ந்தபின் கையால் இறுக்கிக் கழற்றுங்கள். மை சுற்றிலும் ஒரே அகலத்தில் தேய்ந்திருந்தால் சரி. மெல்லிய வளையமாகவோ ஒரு பக்கம் மட்டுமோ தேய்ந்திருந்தால் அந்த நட்டை மாட்டக் கூடாது.

கழுத்து நட்டுக்கு, அளவெடுக்க வெர்னியர் காலிப்பர் வேண்டும். ஓட்டையின் ஆழம் 18 மி.மீ., வாஷர் 3 மி.மீ. என்றால் மொத்தம் 21. கழுத்து 19-க்கு மேல் போகக் கூடாது. நீண்டால் அது பிரேக் டிரம்மில் முட்டிக்கொள்ளும்; குறித்த முறுக்கு விசை (டார்க்) வந்துவிட்டதாக டார்க் ரெஞ்சு கிளிக் சொல்லும், வீல் மட்டும் ஆடும். மூடி போட்ட நட்டில் ஸ்டட் நுனி மூடியை இடித்தாலும் இதே கதை. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும்: 3/8-க்கு 9 சுற்று, 1/2-க்கு 10, 12 - 1.5-க்கு 8. கழுத்துக்குள்ளும் மரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிலதில் மேல்பாதி மட்டும்தான் இருக்கும்.

நம்ம ஊரில் இதற்கெல்லாம் மேல் உப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்று. கடைமடையில் பல இடங்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. மெக்னீசியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அரிப்பு முழுவதும் மெக்னீசியத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடிய வண்டியில் வாஷரைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதுதான். பளபளக்கும் குரோம் நட்டு, ஸ்டெயின்லெஸ் வாஷர், பித்தளை எதுவும் வேண்டாம், அரிப்பை வேகப்படுத்தும். செம்பு கலந்த கிரீஸ் அதைவிட மோசம். ஜிங்க் பூசிய ஸ்டீல் நட்டும் அதேபோன்ற கெட்டியான, தட்டையான வாஷரும்தான் என் தேர்வு. வாஷர் உட்காருமிடத்தில் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பெயின்ட் நசுங்கி நட்டைத் தளர்த்திவிடும்.

மரையைச் சுத்தமாக, உலர்ந்தபடி வையுங்கள். எண்ணெய் போட்டு அதே டார்க்கில் முறுக்கினால் ஸ்டட்டில் இழுவிசை கூடிப்போகும். வீல் தயாரித்தவர் சொன்ன டார்க் இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. இல்லையென்றால் கார் கையேடு; பழைய மினிக்குச் சுமார் 60 நியூட்டன் மீட்டர். காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் ஏர் கன்னை அருகில் விடாதீர்கள். எதிரெதிராக, மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிரேக் சூட்டில் மெக்னீசியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரிந்து, அழுத்தத்தில் மெல்ல அமுங்கும். அதனால் 50 கி.மீ. ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும், அதுவும் வீல் முழுசாக ஆறிய பிறகு. ஒவ்வொரு தடவையும் அதே நட்டு தளர்ந்திருந்தால் மேலும் இறுக்காமல் வீலைக் கழற்றி, ஓட்டையைச் சுற்றி டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்து விரிசல் பாருங்கள். ஓட்டையைப் பெரிதாக்க லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன உலோகம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெக்னீசியச் சீவல் தீப்பிடிக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும், உலர்ந்த மணல்தான் போட வேண்டும்.