இடக்கை பேஸ் கிட்டாரைச் சீரமைத்த அனுபவம்

இடக்கையால் வாசிப்பவருக்கான பேஸ் கிட்டாரைச் சென்னையின் இசைக்கருவிக் கடைகளில் கண்ணால் பார்ப்பதே அரிது. பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். நான் அப்படி வாங்கியது, ஃபெண்டர் நிறுவனம் 1960இல் அறிமுகப்படுத்திய ஜாஸ் பேஸின் அமைப்பைப் பின்பற்றிய, விலை குறைந்த நான்கு தந்திக் கருவி. உடல் மரமும், விரல்களால் தந்திகளை அழுத்தும் நீண்ட பகுதியான நெக்கும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. ஆனால் உள்ளே இருந்த மின்பாகங்களும் நெக்கின் தலைப்பக்க முனையில் தந்திகள் தங்கும் நட்டும் மலிவாக முடிக்கப்பட்டிருந்தன. இன்னொரு கருவிக்குக் காத்திருப்பதைவிட இதையே மேம்படுத்துவதென்று முடிவு செய்தேன்.

இந்த வேலையில் எந்தப் பாகத்தை வாங்கும் முன்பும், அதற்கு இடம் வலம் உண்டா என்று பார்த்தாக வேண்டும். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கிடையாது, அதில் ஒவ்வொரு தந்தியும் தங்கும் சேடில் தனித்தனியாக நகரும். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஜாஸ் பேஸ் பிக்கப்பில் தந்திக்கு இரண்டாக எட்டுக் காந்தத் துண்டுகள் வரிசையாக நிற்பதால் அதற்கும் கிடையாது. நீளத்தை மட்டும் அளந்து பார்ப்பது நல்லது: ஃபெண்டர் அளவின்படி பிரிட்ஜ் பக்கப் பிக்கப் மற்றதைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமானது, மலிவான சில கருவிகளில் இரண்டும் ஒரே அளவில் இருக்கும்.

வால்யூம் கண்ட்ரோலுக்கோ கட்டாயம் திசை உண்டு. எனக்குப் பெரிய தொல்லை தந்ததும் அதுதான். வலக்கைக் கருவியில் குமிழைக் கடிகாரத் திசையில் திருப்பினால் ஒலி கூடும். இடக்கைக் கருவியில் அது எதிர்த்திசையில் கூட வேண்டும் என்பதற்காக, என்னுடையதைச் செய்தவர்கள் வழக்கமான கண்ட்ரோலையே போட்டு, அதன் இரு ஓரக் கால்களின் இணைப்பை மட்டும் இடம் மாற்றியிருந்தார்கள். திசை சரியாகிவிட்டது, ஏற்றம் கெட்டுவிட்டது. காது ஒலியை உணரும் விதத்திற்கு ஏற்ப, ‘ஏ’ என்று குறிக்கப்படும் கண்ட்ரோலில் மின்தடை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும். இணைப்பை மாற்றினால் அது தலைகீழாகி, முதல் சிறு திருப்பத்திலேயே ஒலி முழுவதும் வந்துவிடும். மிச்சமுள்ள திருப்பத்தால் எந்தப் பயனும் இல்லை. இரண்டு பிக்கப்களையும் அளவாகக் கலந்து வாசிப்பதற்கென்றே இரண்டு வால்யூம் கண்ட்ரோல் வைத்த கருவியில் இதைச் சின்னக் குறை என்று ஒதுக்க முடியாது.

இதற்குத் தேவைப்படுவது ‘சி’ வகை, அதாவது ஏற்றம் எதிர்த்திசையில் அமைந்த 250 கிலோ ஓம் கண்ட்ரோல். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நான் கேட்ட கடைகளில் ‘ஏ’யும், ஒரே சீராக ஏறும் ‘பி’யும்தான் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கடைக்காரர், “எந்தப் பக்கம் திருப்பினா என்ன சார், சவுண்டு வருதுல்ல?” என்றார். இணையத்தில் வரவழைத்த பிறகும் சோதிக்காமல் பற்றவைக்கவில்லை. குமிழ்த் தண்டு என்னைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்து, தண்டைப் பாதி தூரத்தில் நிறுத்தி மல்டிமீட்டரை வைத்தேன். நடுக்காலுக்கும் வலப்பக்கக் காலுக்கும் இடையே சுமார் 30 கிலோ ஓமும், இடப்பக்கக் காலோடு 200க்கு மேலும் காட்டியது. ‘ஏ’ வகையாக இருந்தால் இது நேர்மாறாகக் காட்டியிருக்கும். ஒலியின் கூர்மையைக் குறைக்கும் டோன் கண்ட்ரோலையும் அதே வகையாக மாற்றினேன். அதனுடன் சேரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்குத் திசை கிடையாது. புதிய கண்ட்ரோல்களின் திருகுக் கழுத்து தடிமனாக இருந்ததால், அவை பொருந்தும் உலோகத் தட்டின் துளைகளை ரீமர் என்ற துளை பெரிதாக்கும் கருவியால் சற்றே அகலப்படுத்த வேண்டியிருந்தது.

தட்டைக் கழற்றியிருந்த நேரத்திலேயே உட்குழிவுகளில் தாமிரப் படலம் ஒட்டி, படலங்கள் சேரும் இடங்களில் ஈயம் வைத்து, எல்லாவற்றையும் தரை இணைப்போடு சேர்த்துவிட்டேன். ட்யூப் லைட் போன்றவற்றால் வந்த கரகரப்பு வெகுவாக அடங்கியது. ஆனால் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வாசிக்கும்போது எழும் இரைச்சல் காந்தப்புலத்தால் வருவது. தாமிரப் படலம் அதைத் தடுக்காது. இரண்டையும் சமமாகத் திறந்தால் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

நட்டுக்காக, தந்திகள் அமரும் காடிகள் முன்பே வெட்டிய வலக்கை நட்டைத் திருப்பிப் போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். காடிகளின் அடி, தலைப்பக்கம் நோக்கிச் சரிந்திருக்கும். திருப்பினால் தந்தி தவறான விளிம்பில் தங்கி, சுருதி பிசகும். ஆகவே வெட்டப்படாத எலும்புத் துண்டை வாங்கி, கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் 45 முதல் 105 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) என் தந்திகளின் கனத்திற்கு ஏற்பக் காடி வெட்டச் சொன்னேன். நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகளில் முதலாவதான முதல் ஃபிரெட்டில் விரலுக்கு இருந்த இறுக்கம் அதோடு போயிற்று. உண்மையில், மின்பாகங்களை மாற்றியதைவிட இதுதான் வாசிப்பை எளிதாக்கியது.

தந்திகளைச் சுருதி கூட்டும் ட்யூனர்களை மட்டும் மாற்றவில்லை. வழக்கமாகக் கிடைக்கும் நான்கும் ஒரே பக்கமாக அமைந்த செட் வலக்கைத் தலைக்கு உரியது. அதன் கண்ணாடிப் பிம்பமான செட் கிடைக்கும்வரை, பழையவற்றின் திருகுகளை இறுக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.