லிங்க் மட்டும்தான் என்றால் தப்பிக்கலாமா?

“சர்வர்ல படமே இல்லண்ணா, மேக்னட் லிங்க் மட்டும்தான்.” காட்பாடி பக்கம் டொரண்ட் (பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பகிரும் முறை) தேடல் தளம் நடத்த நினைக்கும் பையன்களின் சமாதானம் இது. மேக்னட் லிங்க் என்பது படமல்ல; அதை மற்றவர்களின் கணினிகளிலிருந்து இறக்க வழிகாட்டும் இணைப்பு. பைரேட் பே என்ற டொரண்ட் தளத்தை நடத்தியவர்களும் இதையே சொன்னார்கள்; 2009இல் ஸ்வீடன் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

இங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, தெரிந்தே மீறலுக்குத் துணைபோனாலும் பாயும்: 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது என்பது 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவு.

பதிப்புரிமை வைத்திருப்பவரிடமிருந்து எழுத்துப் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் இணைப்பை முடக்குங்கள். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மட்டுமே திரும்பத் திறக்கலாம். ‘புதுப் படங்கள்’ என்று நீங்களே பட்டியல் போட்டால் (விளம்பரக் காசு வேறு!) இடைத்தரகர் பாதுகாப்பு, அதாவது பிறர் போட்டதற்குத் தளம் பொறுப்பல்ல என்ற சட்டக் கவசம், ஆட்டம் கண்டுவிடும். டொமைன் மாற்றி ஓடுவதும் வீண்; 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் நகல் தளங்களுக்கும் தடை நீளும்படி உத்தரவிட்டிருக்கிறது.